கிருமியின் எதிர்ப்பு ஏன் ஊழியர் கையில்?

தடிமன் வந்தவருக்கு அன்ரிபயோட்டிக் எதற்கு? தடிமனைத் தருவது வைரசு. அந்த மருந்து அதைத் தொடாது. ஆனால் குடலில் வாழும் பற்றீரியாக்களைத் தொடும். மடிபவை மடிய, மரபணு மாற்றத்தால் தப்பியவை பெருகும். பிளாஸ்மிட் எனும் சிறு டிஎன்ஏ வளையங்கள் வழியாக, மருந்தை எதிர்க்கும் ஆற்றலை அவை வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கும். மருந்துக்குப் பழகுவது உடம்பல்ல, கிருமிதான். இதை வைத்தியசாலையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

மருந்து எழுதுவது வைத்தியர்தானே, தாதியரும் சிற்றூழியரும் இதை ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எதிர்ப்புப் பெற்ற கிருமி கட்டில்விட்டுக் கட்டில் போவது பெரும்பாலும் கைகள் வழியாகத்தான். 1847இல் வியன்னாவில் வைத்தியர் செம்மல்வைஸ் குளோரின் கரைசலில் கைகழுவச் செய்தபோது பிரசவ மரணங்கள் சரிந்தன; அன்று அன்ரிபயோட்டிக்கே இல்லை. அறிந்தும் கைகழுவ நேரமில்லை என்பார்கள். அதுவும் உண்மையே. ஆகவே பாடம் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டிலருகிலும் கை சுத்திகரிப்பான் வேண்டும், விடுதிக்குப் போதிய ஆட்கள் வேண்டும். இவை ஏன் அவசரம்? 2019இல் மட்டும் எதிர்ப்புப் பெற்ற பற்றீரியாக்களால் உலகில் நேரடியாக இறந்தோர் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது.