நாயின் விந்தை நடத்தை

மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கூடி வாழ்ந்துவரும் விலங்கு நாய். ஆயினும் அதன் செயல்களுட் பல நமக்கு இன்றும் புதிராகவே தோன்றுகின்றன. அவற்றுள் எவை இயல்பானவை, எவை ஆபத்தின் அறிகுறிகள் என்று பகுத்தறிவது மாணவர்களாகிய உங்களுக்குப் பெரிதும் பயன்படும் என்று கருதுகிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையும் சிற்றூர்களும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. அத்தகைய இடங்களில் ஆலைச் சங்கு ஒலித்தவுடன் தெருநாய்கள் முகத்தை உயர்த்தி ஊளையிடுவதை நான் கேட்டிருக்கிறேன். நீண்டொலிக்கும் சங்கின் ஓசை, தொலைவிலுள்ள மற்றொரு நாயின் ஊளையை ஒத்திருக்கிறது. ஓநாயின் வழிவந்த நாய் அதற்கு மறுகுரல் கொடுக்கிறது என்பதே அறிஞர் கூறும் விளக்கம்.

நள்ளிரவில் நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்று நம் ஊர்களில் அஞ்சுவதுண்டு. நாய் ஊளையிட்டும் எவரும் இறவாத இரவுகள் எத்தனையோ! அவற்றை நாம் மறந்துவிடுகிறோம். சாவு நேர்ந்த ஓர் இரவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். மேலும், நோயாளி கிடக்கும் வீட்டில் இரவெல்லாம் விளக்கெரியும். அயலார் வந்து போவர். அதனாலும் நாய் அமைதி இழக்கக்கூடும் அன்றோ?

வெறுஞ்சுவரைப் பார்த்து நாய் குரைப்பதும் இத்தகையதே. வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. நாயின் செவியோ 40,000 அதிர்வுகளையும் கடந்து கேட்கும். சுவருக்குப் பின்னால் எலி எழுப்பும் நுண்ணொலி நமக்கு இல்லாத ஒன்று. நாய்க்கு அது தெளிவான ஓசை.

இவை அனைத்தும் நாயின் இயல்பு. ஆனால் ஒரு நாயின் இயல்பே திடீரென மாறுமாயின், அதனை விந்தை என்று வேடிக்கை பார்க்கலாகாது. அன்பாகப் பழகிய நாய் இருளில் ஒதுங்குகிறது. ஒதுங்கி நின்ற நாய் வலிய வந்து குழைகிறது. கல்லையும் கட்டையையும் கடிக்கிறது. அதன் குரல் மாறுகிறது. இவை வெறிநோயின் குறிகளாக இருக்கலாம். அந்நோயின் வைரஸ் நரம்பின் வழியே மூளையை அடைந்து, பின் உமிழ்நீரிற் கலக்கிறது.

வெறிகொண்ட நாய் எல்லாம் சீறிப் பாயும் என்று எண்ணாதீர்கள். சில நாய்கள் வாடிச் சோர்ந்து கிடக்கும். தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க இயலாது. தொண்டையில் எலும்பு சிக்கியதென்று இரக்கங்கொண்டு வாய்க்குள் கைவிடுவோர் உண்டு. அந்த இரக்கமே உயிருக்கு உலை வைத்துவிடும். தண்ணீரைக் கண்டு அஞ்சாத நாய்க்கு வெறியில்லை என்பதும் பிழை. நீரைக் கண்டு நடுங்குவது நோயுற்ற மனிதனிடம் காணும் குறி. நாயிடம் அதை எதிர்பார்த்தல் கூடாது.

மனிதனிடம் நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் அதற்கு முன் தடுப்பது எளிது. 1885ஆம் ஆண்டில் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தி வழிகாட்டினார். நம் நாட்டில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. முற்காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றைச் சுற்றிப் பல நாள் குத்தினர். அம்முறை இன்று ஒழிந்தது. இப்போது கையில் செலுத்தும் சில ஊசிகளே போதும்.

நாய் கடித்தாலோ நகத்தாற் கீறினாலோ, புண்ணைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு முதலியவற்றை அப்பாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் குறித்த ஊசிகளில் ஒன்றையும் தவற விடாதீர்கள். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும் கடமை.

சிறுவர் பலர் ஏச்சுக்குப் பயந்து கடியை மறைத்துவிடுகின்றனர். ஏச்சு ஒரு நாளில் மறையும். மறைத்த கடி உயிரையே பறிக்கக்கூடும். உங்கள் தம்பி தங்கையரிடம் இதனை இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.