எலிக்குக் கண்ட மருந்து

ரத்தக் கொதிப்பு என்று நம் ஜனங்கள் வழங்கும் வியாதிக்கும் நாம் உண்ணும் உணவுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பது யாவரும் அறிந்ததே. உணவால் வந்ததை உலோக உப்புக்களால் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையும் சில காலமாகப் பரவி வருகிறது. இந்நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதைப் பகுத்தறிவது நமது கடமையாகும்.

1987-ம் வருஷம் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான எலிகளுக்குப் பிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தனர். இரண்டு வாரங்களுக்குள் அவற்றின் ரத்த அழுத்தம் சுமார் 20 மில்லிமீட்டர் ஏறிற்று. ரத்தத்தில் இன்சுலினும் பெருகிற்று. 1994-ல் கானடாவின் வான்கூவர் நகரில் மக்னீல் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் இத்தகைய எலிகளுக்கு வனேடியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொடுத்தனர். இன்சுலினும் அழுத்தமும் ஏறவில்லை. ஏற்கெனவே ஏறியிருந்த எலிகளிலும் இறங்கின. வனேடியம் உண்ட எலிகளுக்கு இன்சுலினை மீண்டும் உயர்த்தியபோது அழுத்தமும் உடன் உயர்ந்தது. காரணமும் காரியமும் இவ்வளவு தெளிவாக விளங்கிய பரிசோதனை பாராட்டத்தக்கது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எலியின் சாட்சியம் ஒன்றைக் கொண்டே மனிதனுக்குத் தீர்ப்புக் கூறிவிட முடியாது. வனேடியம் குடலைக் கலக்குவது. எலும்பில் தங்கி மெதுவாகவே வெளியேறுவது. இக்குறைகளைத் தணிக்கும் பொருட்டு அதன் புதிய கூட்டுப்பொருள்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று நீரிழிவுக்காக மனிதரிடம் பரிசோதனையின் இரண்டாம் படி வரையில் சென்றது. அதற்கப்பால் சென்று மருந்தாகவில்லை. ஆனால் வனேடிய உப்பு அடங்கிய மாத்திரைகளோ ‘சத்து’ என்ற பெயரால் தாராளமாக விற்கப்படுகின்றன!

பரிசோதனைக்கு முன்பே விற்பனை ஓடினால் என்ன விளையும் என்பதற்குச் சரித்திரமே சான்று. உப்பைக் குறைக்க வேண்டிய இருதய நோயாளிகளுக்கும் ரத்தக் கொதிப்புக்காரருக்கும், சாதாரண உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடை அமெரிக்க வியாபாரிகள் விற்றார்கள். நாவுக்கு அது உப்பாகவே இருந்தது, உடலுக்கு நஞ்சாயிற்று. சிலர் மாண்ட பின்னரே, 1949-ல், சர்க்கார் எச்சரித்து அதை விலக்கியது. அதே வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் கேட் என்ற வைத்தியர் சித்தப் பிரமைக்கு லித்தியம் பயன்படுவதைப் பிரசுரித்தார். இன்று அது ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கப்படும் மருந்து. ஆகவே குற்றம் உலோகத்தினுடையதன்று. அளவும் ஆராய்ச்சியும் இன்றிக் கடையில் வைத்த அவசரத்தினுடையது.

முறையாக நடந்த காரியத்தையும் சொல்லுவோம். சீனாவில் 600 கிராமங்களில், 20,995 பேரிடம், ஏறக்குறைய ஐந்து வருஷ காலம் ஒரு பரிசோதனை நடந்தது. அவர்கள் முன்பு பக்கவாதம் கண்டவர்கள், அல்லது ரத்தக் கொதிப்புள்ள முதியோர். ஒரு பாதிக் கிராமங்களில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். அங்கே பக்கவாதம் 14 சதவிகிதமும் மரணம் 12 சதவிகிதமும் குறைந்தன என்று 2021-ல் வெளியிட்டனர். பொட்டாசியமும் உலோகமே! அடுப்பங்கரையிலேயே வேலை செய்த உலோகம். மூத்திரக்காய் பழுதுற்றவர்களுக்கு இது ஆகாது என்பதையும் மறக்கலாகாது.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. நம் நாட்டிலோ சராசரி 8 கிராம் என மதிப்பிட்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தத்தைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. வீதியிலும் இருக்க வேண்டும்.

நாம் கோருவது இரண்டே. மனிதரிடம் நிரூபணமாகாத உலோக உப்பு எதுவும் நோய் தீர்க்கும் பெயரால் விலையாகக் கூடாது. நிரூபணமான மாற்று உப்பு, வைத்தியரின் யோசனையோடு, ஏழையின் விலைக்குக் கிடைக்க வேண்டும். பொதுஜன ஊழியர்கள் இவ்விரண்டையும் தங்கள் கிளர்ச்சியில் சேர்த்துக்கொள்வார்களாக. எலிக்கு நாம் ஊட்டியதால் வந்த நோய் அது. நமக்கோ, நம் கையாலேயே ஊட்டிக்கொள்கிறோம். கையை அடக்குவதற்கு எந்த உலோகமும் வேண்டியதில்லை.