ஒன் ஸ்டார் ரிவ்யூ வந்தால் என்ன செய்வது? ஆன்லைன் விற்பனையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வீட்டில் இருந்தபடியே மீஷோ, அமேசான் போன்ற தளங்களில் குர்தி விற்கிறீர்கள். காலையில் போனைத் திறந்தால், ‘கலர் வேற, துணி மட்டம், காசு வேஸ்ட்’ என்று ஒரு ரிவ்யூ. கை பரபரக்கத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் டைப் செய்வதுதான் பெரும்பாலும் வினையாகிறது.

சொமேட்டோவுக்கு நடந்தது என்ன?

2021 அக்டோபரில் தமிழக வாடிக்கையாளர் ஒருவர், ஆர்டரில் ஒரு ஐட்டம் வரவில்லை என்று சொமேட்டோவில் புகார் செய்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் சாட்டில் பேசிய ஊழியரோ, இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். (அரசியலமைப்பில் தேசிய மொழி என்று எதுவுமே இல்லை, அது தனிக்கதை.) ஸ்கிரீன்ஷாட் பரவி, சொமேட்டோவைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் டிரெண்ட் ஆனது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டு, ஊழியரை நீக்கியது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரை மீண்டும் சேர்ப்பதாக அறிவித்தார். வராத சாப்பாட்டைவிட, அதற்கு வந்த பதில்தான் ஊர்ப்பேச்சானது.

சரி, என்ன எழுதலாம்?

‘படத்தில் இருந்த நிறம் வராததற்கு வருந்துகிறோம். ரிட்டர்ன் போடுங்கள், பணம் திரும்ப வரும்.’ இவ்வளவு போதும். உங்கள் பதிலை, அடுத்து வாங்க யோசிப்பவரும் படிப்பார். வாடிக்கையாளரின் போன் நம்பரையோ முகவரியையோ பொதுவில் போட்டுவிடாதீர்கள். மூன்று பேர் ‘கலர் வேற’ என்றால் கோளாறு உங்கள் போட்டோவில் இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவரே வாடிக்கையாளர் போல ரிவ்யூ எழுதக் கூடாது. ‘நாமே நாலு ஃபைவ் ஸ்டார் போட்டுடலாம்’ என்ற ஐடியாவை விட்டுவிடுங்கள். பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கவும் முடியாது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

தீர்க்காவிட்டால், வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019-ம் ஆண்டு சட்டப்படி, அவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். அம்பத்தூரில் இருந்து நீங்கள் அனுப்பிய 400 ரூபாய் குர்திக்கு, கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து நோட்டீஸ் வரலாம்.