கருவிழி விளிம்பும் இழைய மீளாக்கமும்

பட்டிப்பொலவிலிருந்து நானுஓயா வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கும் புகையிரதப் பாதையிற் செல்வோர், பச்சை மலைகளின் நடுவே இலையொன்றும் இன்றி வெட்டுண்டு நிற்கும் தேயிலை மலையொன்றைப் பல வேளைகளிற் காண்பர். அது கவ்வாத்து முடிந்த மலை. புதிதாய்க் காண்பவர் அச்செடிகள் பட்டுப்போயின என்றே கருதுவர். ஆயினும் சில கிழமைகளில், கிளைகளின் பட்டைக்குள் உறங்கிக் கிடந்த அரும்புகள் விழித்தெழுகின்றன. சில மாதங்களிற் செடி மீண்டும் கொழுந்து தருகின்றது. எல்லாச் செடியும் இவ்வாறு மீள்வதில்லை. வெட்டுமுன் வேர்த்துண்டொன்றை எடுத்து அயடீன் இட்டு, அதில் மாப்பொருள் போதிய அளவு சேர்ந்துள்ளதா எனப் பார்க்கும் வழக்கம் தேயிலைத் துறையில் உண்டு. வேரில் இருப்புக் குறைந்த செடியைக் கத்தி தொட்டால் அது மீளாது. உறங்கும் அரும்பு ஒன்று. அதனை ஊட்டும் நிலைமை மற்றொன்று. இவ்விரண்டும் கூடியவிடத்தே வெட்டுண்டது தழைக்கின்றது.

மனித உடலிற் காயம் ஆறுதலும் ஏறக்குறைய இத்தகையதே. உடல் கோடானுகோடி கலங்களால் ஆயது. ஒரு தொழிலுக்கெனக் கூடிய கலங்களின் தொகுதியை இழையம் என்பர். இழையத்தின் கலங்களுட் பல, தத்தம் தொழிலைச் செய்து மடிவன. பெருகும் ஆற்றல் அவற்றுக்கு அற்றுப்போயிற்று. மிகச் சிலவே தம் இனத்தையும் பேணிக்கொண்டு, தொழில்புரியும் புதிய கலங்களையும் ஈன்று தருவன. அவற்றையே மூலக்கலங்கள் என்கின்றோம். என்பு மச்சையில் உள்ளவை நாள்தோறும் குருதிக்கலங்களை ஆக்குகின்றன. தோலின் அடிப்படையில் உள்ளவை தோலைப் புதுப்பிக்கின்றன. ஈரலின் கதை சற்று வேறு. அங்கே தொழில்புரியும் கலங்களே வேண்டியபோது பிரிந்து பெருகும். எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றினும், எஞ்சியது சில நாட்களில் வளர்ந்து பழைய நிறையை அணுகுதலை 1931 இல் கிகின்சு, அண்டேசன் என்னும் இருவர் காட்டினர். இதயத் தசைக்கும் மூளைக்கும் இப்பேறு பெரிதும் வாய்க்கவில்லை. அங்கே அழிந்த இடத்தில் வடுவே எஞ்சுகின்றது. வடு என்பது பழுதுபார்த்தல் அன்று. ஓட்டையை அடைத்தல் மாத்திரமே.

மீளாக்க மருத்துவம் என இந்நாளில் வழங்கும் துறை, வடு விழும் இடத்தில் உண்மையான இழையத்தையே விளைவிக்க முயல்வது. இத்துறையின் பெயரைக் கேட்போர், ஆய்வுகூடத்திற் கை கால்களையும் இருதயத்தையும் வார்த்தெடுக்கும் வித்தை என எண்ணிவிடுகின்றனர். இன்றுவரை உறுதியாகப் பயன் தந்த இடங்களை நோக்கின் அங்கே நடப்பது அடக்கமானதொரு செயலே. வைத்தியர் இழையத்தை ஆக்குவதில்லை. ஆக்கவல்ல கலத்தை உரிய இடத்திற் சேர்க்கின்றார். அவ்விடத்தை அது வாழத்தக்கதாக்குகின்றார். பின்னர் உடலின் வழிக்கு விட்டு விலகி நிற்கின்றார். இதனைத் தெளிவாகக் காட்டும் உறுப்புக் கண்.

கண்ணின் முன்புறத்தே, கருமையாய்த் தோன்றும் பகுதியின் மேல், கடிகாரத்தின் கண்ணாடி போல் அமைந்திருப்பது கருவிழிப்படலம். அதன் நடுப்பகுதியின் தடிப்பு அரை மில்லிமீற்றரளவே. ஒளி தடையின்றிச் செல்லவேண்டி அதில் குருதிக்குழாய் ஒன்றேனும் இல்லை. அதன் புறத்தே ஐந்தாறு அடுக்குக் கலங்களாலான மேலணி போர்த்துள்ளது. இமைக்கும்தோறும் தேய்ந்து உதிரும் இம்மேலணி ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாட்களுள் முழுவதும் புதிதாகின்றது. கண்ணில் ஒரு துரும்பு கீறினால் இரண்டொரு நாளில் நோவு தணிந்துவிடுதல் அனைவரும் அறிந்ததே. அங்ஙனமாயின் புதிய கலங்கள் எங்கிருந்து வருகின்றன?

நடுவிலிருந்து அன்று, ஓரத்திலிருந்தே வருகின்றன. கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் இடத்தில், கண்ணாடியிற் பார்த்தால் ஒரு மங்கிய கோடு போலத் தெரியும் வளையம் ஒன்றுண்டு. அங்கே மேலணி நுண்ணிய மடிப்புகளாய் உள்ளிறங்கியிருக்கின்றது. கருநிறம் மிகுந்த கண்களிற் காயம் ஆறும்போது, அவ்வளையத்தின் நிறம் பொருந்திய கலங்கள் நடுநோக்கி ஊர்ந்து வருதலைக் கவனித்த டவஞ்சர், எவன்சன் என்னும் இருவர், மேலணியின் பிறப்பிடம் அதுவே என 1971 இற் கூறினர். அக்கூற்று உடனே எல்லோராலும் ஏற்கப்பட்டதன்று. 1980களில், மெதுவாகப் பிரியும் மூலக்கலங்கள் அவ்வளையத்தில் இருத்தலை ஆய்வுகள் காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று. இவ்வளையத்துக்கு மற்றுமொரு தொழில் உண்டு. வெண்விழியை மூடியுள்ள சவ்வும் அதன் குருதிக்குழாய்களும் கருவிழிமேற் படராதபடி அது வேலியாகவும் நிற்கின்றது.

இவ்வேலி அழியும் வழிகளுட் கொடியது சுண்ணாம்பு. இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்த இடத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 6,200 அடியையும் தாண்டி அமைந்த பட்டிப்பொலவாயினும், தாழ்நிலத்துப் பட்டினமாயினும், சுண்ணாம்பு இல்லாத ஊர் இல்லை. சுவருக்கு வெள்ளை பூசவும், வெற்றிலையோடு சேர்க்கவும் அது வேண்டும். இந்தியாவில் வெற்றிலைச் சுண்ணாம்பு அடைத்த சிறு பொதிகளைச் சிறுவர் அழுத்தி விளையாட, அவை வெடித்துக் கண்ணிற் பட்ட நிகழ்ச்சிகளைக் கண் வைத்தியர் பலர் பதிந்துள்ளனர். அமிலம் பட்டால் புரதம் உறைந்து, அவ்வுறையே ஓரளவு தடையாகின்றது. சுண்ணாம்பு முதலிய காரங்களோ கலச்சவ்வின் கொழுப்பைச் சவர்க்காரம் போலாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குவன. அன்றியும் சுண்ணாம்புத் துகள் மேலிமையின் அடியில் ஒட்டிக்கிடந்து மணிக்கணக்காகச் சுட்டுக்கொண்டேயிருக்கும். ஆதலின் அக்கணமே, வைத்தியசாலைக்கு ஓடுமுன், கையில் அகப்பட்ட தூய நீரால் அரைமணி நேரமேனும் இமைகளை விரித்துப் பிடித்துக் கண்ணைக் கழுவவேண்டும். துகள் எதுவும் இமைக்குள் எஞ்சாமல் வைத்தியர் நீக்கவேண்டும். முலைப்பாலும் எண்ணெயும் ஊற்றும் வழக்கம் பொழுதைப் போக்குவது. அப்பொழுதே கண்ணின் விலை.

வளையம் முழுவதும் எரிந்த கண்ணில் நிகழ்வது யாது? கருவிழியின் பழைய மேலணி உதிர்ந்துபோகின்றது, புதியது வருவதில்லை. வேலி நீங்கிய வழியே வெண்விழிச் சவ்வு தன் குருதிக்குழாய்களுடன் ஊர்ந்து வந்து கருவிழியை மூடுகின்றது. கண் சிவந்து, கூசி, நீர் வடிந்து, ஈற்றில் ஒளியின் நிழலை மாத்திரம் உணரும் நிலைக்கு வந்துவிடும்.

இவ்விடத்தில் ஈழநாட்டவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுண்டு: கண் தானம் இருக்கின்றதே, இறந்தார் ஒருவரின் கருவிழியைப் பொருத்தினால் ஆகாதா? இக்கேள்வி எழுதற்கு நியாயம் உண்டு. வைத்தியர் அட்சன் சில்வா 1958 இற் பத்திரிகை வாயிலாக விடுத்த வேண்டுகோளில் தொடங்கி, 1961 இல் நிறுவப்பெற்ற இலங்கைக் கண்தானச் சங்கம், 1964 இற் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது முதலாக, ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குக் கருவிழிகளை வழங்கியுள்ளது. சிறிய தீவு ஒன்று உலகுக்குச் செய்த இத்தகைய கொடை வேறொன்றைச் சொல்லல் எளிதன்று. எனினும் வளையம் எரிந்த கண்ணுக்கு இக்கொடை தனித்து உதவுவதில்லை. பொருத்தப்படுவது கருவிழியின் நடுப்பகுதி. அதன் மேலணியும் சின்னாட்களில் தேய்ந்து உதிரும். அதனை ஈடுசெய்யும் ஊற்று அக்கண்ணில் இல்லை. எனவே பொருத்திய கருவிழியும் முன்னையதன் கதியையே அடையும். வேரற்ற நிலத்திற் கொய்த மலரை நட்டது போலாம்.

ஆதலின் முதலில் நடவேண்டியது வளையத்தின் வித்து. ஒரு கண் மாத்திரம் எரிந்தவர்க்கு மற்றக் கண்ணிலேயே அவ்வித்து உள்ளது. 1989 இல் அமெரிக்காவிற் கெனியன், செங் என்னும் வைத்தியர், நல்ல கண்ணின் விளிம்பில் அகன்ற துண்டுகளை எடுத்து எரிந்த கண்ணில் ஒட்டினர். பயன் விளைந்தது, ஆயினும் நல்ல கண்ணின் விளிம்பிற் பெரும்பகுதி குறைதல் அச்சத்துக்கு இடமாயிற்று. 1997 இல் இத்தாலியிற் பெலெகிரினியும் அவர்தம் குழுவினரும், சிறு துணுக்கொன்றை எடுத்து, ஆய்வுகூடத்தில் அதன் கலங்களைப் படலமாக வளர்த்துப் பொருத்திக் காட்டினர். அம்முறையில் எழுந்த மருந்துப்பொருள் ஒன்றுக்கு 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளித்தது. ஆனால் அத்தகைய ஆய்வுகூடம் தூசும் கிருமியும் புகாது காக்கப்படவேண்டியது. அதனை நடத்தும் செலவு ஏழை நாடுகளுக்கு எட்டாதது. சுண்ணாம்பாற் கண்ணிழப்போர் மிகுதியாய் வாழ்வதோ அந்நாடுகளிலேயே.

இம்முடிச்சை அவிழ்த்தது ஐதராபாத்து. அங்கே 1987 இல் வைத்தியர் குல்லப்பள்ளி நாகேசுவர ராவ் நிறுவிய கண் நிலையத்துக்கு, நிலமும் பொருளும் ஈந்த எல். வி. பிரசாத்தின் பெயரே வைக்கப்பட்டது. தமிழர் ‘மனோகரா’ திரைப்படத்தின் இயக்குநராய் அறிந்த அதே பிரசாத்துதான். இந்நிலையத்தாரும் முதலிற் கலங்களை வளர்த்தே பொருத்தினர். 200 நோயாளரிற் பெற்ற பயனை 2011 இல் வெளியிட்டனர். அவர்களுள் 71 விழுக்காட்டினரிடம் மேலணி நிலைபெற்றது. இதன் பின் எழுந்ததே வியக்கத்தக்க கேள்வி. ஆய்வுகூடத்துத் தட்டில் வளரும் கலம், கண்ணிலேயே வளராதா? கண்ணைவிடச் சிறந்த வளர்ப்புத் தட்டு வேறு எது?

வீரேந்தர் சங்குவான், சாயன் பாசு, பாலசுப்பிரமணியன், இங்கிலாந்தைச் சேர்ந்த மெக்னீல் ஆகியோர் 2012 இல் வெளியிட்ட முறை இக்கேள்விக்கு விடை. எரிந்த கண்ணில் கருவிழியை மூடிய வடுச்சவ்வை முதலில் உரித்து நீக்குவர். அதன்மேல் மகப்பேற்றின் பின் எறியப்படும் பனிக்குடத்தின் மெல்லிய சவ்வை, குருதியுறைதலுக்குரிய பைபிரின் என்னும் புரதப் பசையால் ஒட்டுவர். நல்ல கண்ணின் விளிம்பில் 2 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் அகலமும் உள்ள துணுக்கை மாத்திரம் எடுத்து, எட்டுப் பத்துக் கூறுகளாக்கி, பார்வை செல்லும் நடுவிடத்தை விட்டு வட்டமாகப் பனிக்குடச் சவ்வின்மேற் பதித்துப் பசையிடுவர். மேலே மென்மையான தொடுவில்லை ஒன்றை வைத்துக் காப்பர். அவ்வளவே. நாற்றங்காலில் நாற்றுப் பதிக்கும் உழவனின் செயலுக்கும் இதற்கும் வேற்றுமை சிறிது. ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் கலங்கள் பரவி, ஒன்றோடொன்று கூடிக் கருவிழியை மூடிக்கொள்கின்றன. பனிக்குடச் சவ்வு நிலமாய் நின்று அழற்சியையும் வடுவையும் தணிக்கின்றது. ஆய்வுகூடம் வேண்டுவதில்லை, சாதாரண அறுவைக்கூடம் போதும். கலம் நோயாளருடையதே ஆதலின் உடலின் நிர்ப்பீடனம் அதனை அயலென ஒதுக்குவதும் இல்லை.

முதலில் ஆறு கண்களிற் செய்யப்பட்ட இம்முறை, 125 நோயாளரிற் செய்யப்பட்ட பின் 2016 இல் மீண்டும் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 60 பேர் சிறுவர். 76 விழுக்காட்டுக் கண்களில் மேலணி நிலைபெற்றது. எஞ்சிய நான்கில் ஒரு பங்கின் தோல்வியே மாணாக்கர் ஊன்றிக் கற்கவேண்டியது. இமை கருவிழியோடு ஒட்டிப்போன கண்களிலும், தானக் கருவிழியை அதே வேளையிற் பொருத்திய கண்களிலும் தோல்வி மிகுந்தது. வித்து ஒன்றாயினும் நிலம் ஒவ்வாவிடின் விளைவதில்லை. ஒரே நாளில் எல்லாம் முடித்துவிடும் அவசரமும் உதவவில்லை. முதலில் மேலணி உறுதிபெறவேண்டும். கருவிழியின் உட்பகுதி மங்கியிருப்பின் அதன் பின்னரே தானக் கருவிழி. அப்பொழுது மேற்கூறிய கொடை தன் முழுப்பயனைத் தரும்.

இத்தனை நுணுக்கமான கட்டுப்பாடுகளோடு வந்த வெற்றியின் பெயரையே, மூலக்கலம் என்னும் சொல்லையே, சந்தைப்பொருளாக்கினாரும் உளர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு சிகிச்சையிடத்தில், மூன்று பெண்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை அவர்தம் இரு கண்களுக்குள்ளும் ஊசியால் ஏற்றினர். மூவரும் கடும் பார்வையிழப்புற்றனர். 2017 இல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது. வயிற்றுக் கொழுப்பின் கலம் கண்ணில் எதனை ஆக்கும், எவ்விடத்தில், எவ்விருப்பைக் கொண்டு, என்னும் கேள்விகளுக்கு அங்கே விடை இருக்கவில்லை. முழங்கால் தேய்வுக்கும் சர்க்கரை நோய்க்கும் ஒரே ஊசியை விற்போரிடம் இக்கேள்விகளையே கேட்கவேண்டும்.

இனி, இரு கண்களும் எரிந்தவர் நிலை. அவரிடம் வித்து இல்லை. உறவினர் கண்ணின் விளிம்பிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். அயலார் இழையத்தை உடல் ஒதுக்காதிருக்க, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தை நெடுங்காலம் உட்கொள்ளவேண்டும். அதனால் வரும் தீங்குகளும் பல. வாயின் உட்புறச் சவ்வை வளர்த்துக் கருவிழிமேற் போர்த்தும் முறையை யப்பானியர் 2004 இல் வெளியிட்டனர். அது கண்ணைக் காக்கும், எனினும் கருவிழி மேலணியின் தெளிவு அதற்கு இல்லை. 2019 இல் ஒசாக்காப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நிசிதாவின் குழுவினர், முதிர்ந்த உடற்கலத்தை மீண்டும் மூலநிலைக்குத் திருப்பி, அதிலிருந்து கருவிழி மேலணியை வளர்த்து ஒருவர் கண்ணிற் பொருத்தினர். அவ்வாறு பொருத்தப்பெற்ற நால்வரின் முடிவுகள் 2024 இல் வெளிவந்தன. இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில் புற்று வளர்ச்சி எதுவும் தோன்றவில்லை. நால்வர் கண்களும் முன்னிருந்த நிலையினும் தேறின. நால்வர் என்பது சிறிய தொகை. ஐதராபாத்திலும் ஆறு கண்களிலிருந்தே தொடங்கினர்.