பிரேக்கைத் தொடும் முன்பே ஓடிவிடும் தூரம்

பெங்களூரு அடுகோடியில், ஓசூர் சாலையை ஒட்டி பாஷ் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. 1978-ல் கார்களுக்கு ஏபிஎஸ் பிரேக்கைக் கொண்டுவந்த நிறுவனம் அது. சடாரென்று மிதித்தாலும் சக்கரம் இறுகிச் சறுக்காமல் ஏபிஎஸ் காக்கும்.

ஆனால் மிதிப்பதற்கு முன்னால் ஓடும் தூரத்தை அது குறைக்காது. கண் ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ 1 நொடி ஆகும். 50 கி.மீ. வேகத்தில் அதற்குள் கார் 14 மீட்டர் ஓடிவிடும். பிறகு நிற்க, காய்ந்த சாலையிலும் இன்னொரு 14 மீட்டர் வேண்டும். 30 கி.மீ. வேகத்தில் இரண்டும் சேர்ந்தே சுமார் 13 மீட்டர்தான்.

14 மீட்டர் முன்னால் ஒரு பாட்டி சாலையில் இறங்குகிறார். மெதுவாக வந்தவர் நின்றுவிடுவார். 50-ல் வந்தவரோ வேகம் துளியும் குறையாமல் மோதுவார். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அந்த வேகம் சுமந்துவரும் ஆற்றல் 30-ல் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மழை என்றால் நிற்கும் தூரம் இன்னும் நீளும்.

பாட்டியைப் போலவே, முன்னால் போகும் சைக்கிள்காரரும் திடீரென்று குறுக்கே வரலாம்: குழியைக் கண்டு சட்டென்று விலகுவார். ஹாரன் அடித்து விரட்டாதீர்கள். இடைவெளி விட்டு வாருங்கள்.