குதிரைக்காரனைக் கனம்பண்ணிய மூப்பர்



சபை மூப்பர் ஒருவருடைய வாழ்க்கையை எதைக்கொண்டு அளப்பது? எத்தனை ஆண்டுகள் அவர் பதவியில் இருந்தார் என்பதைக் கொண்டா? ஆலயக் கட்டடத்துக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கொண்டா? அவருடைய அடக்க ஆராதனைக்கு எத்தனை பேர் திரண்டு வந்தனர் என்பதைக் கொண்டா? கொரியா தேசத்தின் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் 1867 முதல் 1919 வரை வாழ்ந்து மறைந்த ஜோ தொக்சாம் என்னும் பிரஸ்பிட்டேரியன் சபை மூப்பரின் சரித்திரம் இக்கேள்விக்கு வேறொரு பதிலைத் தருகிறது. மூப்பர் தேர்தலில் அவர் வெற்றி பெறாமற்போன நாளே அவருடைய வாழ்வின் மிக உயர்ந்த நாளாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

கிராமமும் எஜமானும்

கொரியாவின் தென்மேற்கிலுள்ள ஜொல்லா மாகாணம் நெல் விளையும் பூமி. அதிலுள்ள கிம்ஜே சமவெளியின் ஓரத்தில் மோவாக் மலை எழும்பி நிற்கிறது. அம்மலையடியில் கும்சான்சா என்னும் பழமையான புத்த மடாலயம் உண்டு. அதற்கு அருகிலுள்ள கும்சான் என்னும் கிராமமே ஜோ தொக்சாமின் ஊர். அவர் அவ்வட்டாரத்தில் பெரிய நிலக்கிழார். வீடு நிறைய வேலையாட்களும், லாயத்தில் குதிரைகளும் அவருக்கு இருந்தன.

அக்காலக் கொரியச் சமுதாயம் உயர்குடியினர், பொதுமக்கள், அடிமைகள் என அடுக்கடுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1894-ம் ஆண்டில் இதே ஜொல்லா மாகாணத்தில்தான் தோங்ஹாக் விவசாயிகளின் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டிலேயே அடிமை முறையும் குல வேறுபாடுகளும் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. ஆனால் சட்டம் ஒரே நாளில் மாறலாம். மனுஷருடைய இருதயம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. நம் தேசத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டிய அவசியமில்லை.

ஜோ தொக்சாமின் லாயத்தில் குதிரைகளைப் பராமரித்த வாலிபர் யீ ஜாயிக். 1879-ம் ஆண்டில், தென்கடலிலுள்ள நம்ஹே தீவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தார். பிழைப்புத் தேடித் தீவை விட்டுப் புறப்பட்டு, யாரையும் அறியாத கும்சான் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்குச் சொந்த நிலமும் இல்லை. அவருக்காகப் பேசுவதற்கு உறவினரும் இல்லை. எஜமானைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். எஜமானின் மகன் பாடம் படிக்கும்போது அருகில் நின்று கேட்டே அவர் எழுத்துக்களைக் கற்றார் என்றும், அதை அறிந்த ஜோ தொக்சாம் அவரைக் கடிந்துகொள்ளாமல் படிக்க அனுமதித்தார் என்றும் அச்சபையார் சொல்லிவருகின்றனர்.

வாசலுக்கு வந்த சுவிசேஷம்

அமெரிக்காவின் தென் பிரஸ்பிட்டேரியன் சபை 1892-ம் ஆண்டில் கொரியாவுக்கு அனுப்பிய முதல் எழுவரில் ஒருவர் லூயிஸ் பாய்ட் டேட். ஜொன்ஜூ பட்டணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு குதிரையின்மேல் ஊர் ஊராய்ச் சென்று ஊழியம் செய்தார். அவ்வழியில் கும்சான் கிராமத்திலே தங்குவதற்கு அவருக்கு ஜோ தொக்சாமின் வீடு கிடைத்தது. நிலக்கிழார் விருந்தோம்பினார், குதிரைக்காரன் மிஷனெரியின் குதிரைக்குத் தீனி வைத்தான். சுவிசேஷத்தை இருவருமே கேட்டனர். இருவருமே விசுவாசித்தனர். 1905-ம் ஆண்டில் எஜமானும் வேலைக்காரனும் ஞானஸ்நானம் பெற்றனர்.

ஜோ தொக்சாம் தம் வீட்டில் விருந்தினருக்கென்று இருந்த பகுதியைச் சபை கூடிவரும்படி திறந்து கொடுத்தார். 1908-ம் ஆண்டில் ஆலயம் எழும்பியது. அக்கட்டடம் நம்முடைய 'ட' எழுத்தைப்போல இரண்டு சிறகுகளை உடையது. இரண்டும் சந்திக்கும் மூலையில் பிரசங்க பீடம். ஒரு சிறகில் ஆண்கள், மறுசிறகில் பெண்கள். ஒருவரையொருவர் பாராதபடி இடையே திரை. ஆண்கள் பகுதியின் உத்தரத்தில் வேதவசனம் சீன எழுத்துக்களிலும், பெண்கள் பகுதியின் உத்தரத்தில் சாதாரண ஜனங்கள் வாசிக்கக்கூடிய கொரிய எழுத்துக்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆண், பெண் என்னும் வேறுபாட்டை அக்காலச் சபை இப்படித் திரைபோட்டுக் காத்தது. ஆனால் ஆண்களின் சிறகுக்குள் நிலக்கிழாரும் குதிரைக்காரரும் ஒரே தரையில் அமர்ந்தனர்.

மூப்பர் என்றால் யார்?

பிரஸ்பிட்டேரியன் சபைகளில் மூப்பர் பதவி பெயரளவிலான கௌரவம் அன்று. போதகரோடு சேர்ந்து சபையை ஆளுகிறவர் மூப்பர். ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் ஆயத்தமானவர்களைச் சோதித்தறிவது, தவறினவர்களைத் திருத்துவது, போதகரை அழைப்பது ஆகியவை அவருடைய பொறுப்பில் அடங்கும். அவரை மேலிருந்து ஒருவர் நியமிப்பதில்லை. சபையாரே வாக்களித்துத் தெரிந்தெடுக்கிறார்கள்.

கொரியக் கிராமங்களில் இப்பதவியின் பாரம் இன்னும் அதிகம். சீனாவில் ஊழியம் செய்த ஜான் நீவியஸ் 1890-ம் ஆண்டில் சியோலுக்கு வந்து, உள்ளூர்ச் சபை தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தன்னைத் தானே நிர்வகிக்க வேண்டும், தானே சுவிசேஷம் அறிவிக்க வேண்டும் என்று போதித்தார். கொரிய மிஷனெரிமார் அதை ஏற்றுக்கொண்டனர். ஒரு மிஷனெரி பல கிராமங்களைச் சுற்றிவர வேண்டியிருந்ததால், அவர் வராத வாரங்களில் மந்தையைக் காத்தவர்கள் உள்ளூர் விசுவாசிகளே. எனவே மூப்பராகத் தெரிந்தெடுக்கப்படுகிறவர் அக்கிராமச் சபைக்கு மேய்ப்பனைப் போன்றவர்.

வாக்குகள் எண்ணப்பட்டன

ஆலயம் எழும்பிய காலத்தையொட்டி கும்சான் சபை தன் முதல் மூப்பரைத் தெரிந்தெடுக்கக் கூடியது. ஜோ தொக்சாம், யீ ஜாயிக் ஆகிய இருவருமே அதற்கு எண்ணப்பட்டவர்கள். சபை யாருடைய வீட்டில் ஆரம்பித்தது? யாருடைய ஆதரவினால் நிலைத்தது? ஊரில் யாருடைய நிலத்தில் பிறர் பிழைத்தனர்? எல்லாக் கேள்விகளுக்கும் பதில் ஒன்றே. ஆனால் வாக்குகள் எண்ணப்பட்டபோது தெரிந்தெடுக்கப்பட்டவர் குதிரைக்காரரான யீ ஜாயிக்!

அந்த நிமிஷத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தமிழில் 'நீ' என்றும் 'தாங்கள்' என்றும் நாம் வேறுபடுத்துவதுபோல, கொரிய மொழியிலும் பேச்சின் ஒவ்வொரு முடிவிலும் உயர்வு தாழ்வு ஒலிக்கும். வேலையாளிடம் பேசும் பேச்சு வேறு; மூப்பரிடம் பேசும் பேச்சு வேறு. இனி லாயத்தில் நிற்கிறவனை ஆலயத்தில் எப்படி அழைப்பது? இது ஒருவருடைய மான உணர்ச்சியை மட்டுமல்ல, ஓர் ஊரின் ஒழுங்கையே அசைக்கும் காரியம்.

இப்படிப்பட்ட சோதனையில் சபைகள் உடைந்ததுண்டு. தலைநகராகிய சியோலில் 1895-ம் ஆண்டில், தீண்டத்தகாதவராக எண்ணப்பட்ட கசாப்புத் தொழிலாளர் குலத்தைச் சேர்ந்த பக் சோங்சுன் என்பவர் ஞானஸ்நானம் பெற்றபோது, உயர்குடி விசுவாசிகள் அவரோடு அமர மனமின்றிப் பிரிந்து சென்று வேறொரு சபையை ஏற்படுத்தினர். சில ஆண்டுகளுக்குப் பின்னரே அவர்கள் மீண்டும் இணைந்தனர். அதே பக் சோங்சுன் 1911-ம் ஆண்டில் அச்சபையின் மூப்பரானார். கும்சானிலும் பிரிவினை நேர்ந்திருக்கலாம். ஜோ தொக்சாம் வெளியேறியிருந்தால் அவரோடு பாதி ஊர் போயிருக்கும்.

அவர் போகவில்லை. சபையார் முன்பாக எழுந்து நின்றார். இத்தீர்மானம் தேவனால் உண்டானது என்றும், யீ ஜாயிக்கின் விசுவாசம் தம்முடையதைக் காட்டிலும் மேலானது என்றும், அவருக்குக் கீழ்ப்பட்டுத் தாம் சபையைச் சேவிக்கப்போவதாகவும் அவர் கூறியதாகச் சபையின் சரித்திரம் நினைவுகூருகிறது. அன்றுமுதல் வாரநாட்களில் ஒருவர் எஜமான், மற்றவர் ஊழியர். ஓய்வுநாளில் ஊழியர் முன்னே நின்று ஆராதனையை நடத்த, எஜமான் கீழே அமர்ந்து கேட்டார்.

தோல்விக்குப் பின் பத்தாண்டுகள்

அன்பானவர்களே, கூட்டத்தின் நடுவே ஒரு நாள் தாழ்மையாய்ப் பேசிவிடுவது பலருக்கும் கூடும். மறுநாள் காலையிலும், அதற்கடுத்த ஆண்டிலும் அதே சிந்தையோடு வாழ்வதே கடினம். ஜோ தொக்சாமின் தாழ்மை உண்மையானது என்பதற்கு அவருடைய பிந்தைய ஆண்டுகளே சாட்சி.

யீ ஜாயிக் இறையியல் கற்கப் பியோங்யாங் சென்றார். வடக்கே வெகுதூரத்திலிருந்த அவ்வேதாகமக் கல்லூரியில் ஆண்டுக்கு மூன்று மாதங்கள் வீதம் ஐந்து ஆண்டுகள் பயில வேண்டும். தம் லாயத்தில் வேலை செய்தவருடைய படிப்புச் செலவை ஜோ தொக்சாமே தாங்கினார். கிராமப் பிள்ளைகள் கல்வி பெறும்படி தம் பொருளைச் செலவிட்டு ஒரு பள்ளியையும் நடத்தினார். சில காலத்துக்குப் பின் சபையார் அவரையும் மூப்பராகத் தெரிந்தெடுத்தனர். 1915-ம் ஆண்டில் யீ ஜாயிக் கல்லூரியில் தேறிப் போதகராக அபிஷேகம் பெற்றபோது, அவரைத் தங்கள் போதகராக வரும்படி அழைத்தது கும்சான் சபை. அழைத்த மூப்பர் ஜோ தொக்சாம்! முன்னாள் எஜமான் இப்போது தம் முன்னாள் ஊழியக்காரரின் மேய்ப்புக்குத் தம்மையும் தம் குடும்பத்தாரையும் ஒப்புக்கொடுத்தார்.

பவுல் அப்போஸ்தலன் பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்தில், ஒநேசிமுவை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டிக்கொண்டார். பிலேமோன் அவ்வாறு செய்தானா என்பதை வேதம் நமக்கு விவரிக்கவில்லை. ஆனால் கும்சான் கிராமத்துப் பிலேமோன் என்ன செய்தார் என்பது நமக்குத் தெரியும்.

மரணமும் அதற்குப் பின்னும்

1919-ம் ஆண்டு கொரியாவுக்குக் கண்ணீரின் ஆண்டு. 1910 முதல் ஜப்பானின் ஆளுகைக்குட்பட்டிருந்த மக்கள் அவ்வாண்டு மார்ச் 1-ம் தேதி விடுதலை கேட்டு எழும்பினர், கடுமையாய் ஒடுக்கப்பட்டனர். அதே ஆண்டில் ஜோ தொக்சாம் ஏறக்குறைய ஐம்பத்திரண்டு வயதில் இவ்வுலக ஓட்டத்தை முடித்தார். கிராம மூப்பராகவே வாழ்ந்தார். கிராம மூப்பராகவே மரித்தார். தேசமறிந்த தலைவராக அவர் உயரவில்லை.

அவர் உயர்த்திவிட்டவரோ உயர்ந்தார். எஜமான் மரித்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1924-ல், யீ ஜாயிக் கொரியப் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுச்சங்கத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். தேசம் விடுதலை பெற்றபின் 1947, 1948 ஆகிய ஆண்டுகளிலும் அப்பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. மூன்று முறை அதை வகித்த அவர் 1958-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இவற்றில் ஒன்றையும் காண ஜோ தொக்சாம் உயிரோடில்லை. விதைத்தவர் அறுப்பைக் காணவில்லை.

அவருடைய சந்ததியும் சிறுமைப்படவில்லை. பேரன் ஜோ செ-ஹியோங் தென்கொரிய நாடாளுமன்ற உறுப்பினராகவும், ஜப்பானுக்கான தூதராகவும் பணிபுரிந்து 2009-ல் மறைந்தார். 1908-ன் அந்தச் சிறிய ஆலயம் இன்றும் நிற்கிறது. 1997-ல் மாகாண அரசு அதைப் பாதுகாக்கப்பட வேண்டிய பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

நம் சபைகளுக்கு ஒரு கேள்வி

மும்பை, பெங்களூர், டெல்லி போன்ற நகரங்களிலே கூடிவரும் தமிழ்ச் சபைகளில் நாம் யாவரும் ஒரு காலத்தில் யீ ஜாயிக்கைப் போல வந்தவர்களே. ஒரு பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்கி, அறியாத தெருவில் வேலை தேடினோம். கர்த்தர் நம்மை ஆசீர்வதித்தார். இப்போது சொந்த வீடும் தொழிலும் உண்டு. சபைக் கமிட்டியில் இடமும் உண்டு. நேற்று ஊரிலிருந்து வந்த வாலிபன் நம் கடையில் வேலை செய்கிறான். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் சகோதரி ஞாயிறன்று நமக்குப் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.

அவர்களில் ஒருவரைக் கர்த்தர் நமக்கு மேலாக எழுப்பினால், நாம் எழுந்து நின்று ஆமென் சொல்லுவோமா? அல்லது அவர் எந்த ஊர், எந்த ஜாதி, என்ன படித்தார் என்று விசாரிக்கத் தொடங்குவோமா? நாம் வாங்கிக் கொடுத்த ஒலிபெருக்கியையும் நாற்காலிகளையும் கணக்குக் காட்டி, அடுத்த தெருவில் வேறொரு சபையைத் தொடங்கிவிடுவோமா? மூப்பருக்குரிய தகுதிகளை 1 தீமோத்தேயு 3-ம் அதிகாரத்திலும் தீத்து 1-ம் அதிகாரத்திலும் வாசித்துப் பாருங்கள். அங்கே சொத்தைப் பற்றியோ குலத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை.

மூப்பர் ஒருவருடைய வாழ்வை, அவர் யாருக்கு மேலே உட்கார்ந்தார் என்பதைக் கொண்டு அல்ல, யாரை எழுப்பிவிட்டு மறைந்தார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். கும்சான் கிராமத்து மூப்பர் இவ்வளவில் குறைவுபடவில்லை. அத்தகைய மூப்பர்களைக் கர்த்தர் நம் சபைகளிலும் எழுப்புவாராக. ஆமென்.