கெர்னல் இழைகளில் நிலுவைச் சமிக்ஞைகளைக் கையாளுதல்: லினக்ஸ் இயங்குதளத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பயனர் செயல்முறைக்கு அனுப்பப்படும் சமிக்ஞையை, அச்செயல்முறை பயனர் தளத்திற்குத் திரும்பும் வேளையில் கெர்னல் ஒப்படைக்கிறது. பயனர் தளத்திற்குத் திரும்பாத கெர்னல் இழைகளுக்கு அவ்வேளை வாய்ப்பதில்லை. எனவே, நிலுவையில் நிற்கும் சமிக்ஞையை ஏற்பதும் ஆராய்வதும் நீக்குவதும் அவ்விழைக்குரிய நிரலின் பொறுப்பாகின்றன. இப்பொறுப்பு தவறும்போது நேரும் இருவகைக் கேடுகளையும் அவற்றுக்குரிய தீர்வுகளையும் லினக்ஸ் கெர்னலின் மூல நிரல்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், கெர்னல் இழை, சமிக்ஞை, நிலுவைக் கொடி, இடையீட்டுக்குட்பட்ட உறக்கம்.

1. முன்னுரை

நினைவகப் பக்கங்களை மீட்டல், ரெய்டு வட்டுத் தொகுதிகளைப் பேணுதல், கோப்பு முறைமைகளைத் துப்புரவு செய்தல் முதலான பின்னணிப் பணிகளை லினக்ஸில் கெர்னல் இழைகள் ஆற்றுகின்றன. செயல்முறைப் பட்டியலில் இவை ஏனைய செயல்முறைகளைப் போலவே அடையாள எண்ணுடன் தோன்றுகின்றன. ஆயினும், 9ஆம் எண் சமிக்ஞையாகிய ‘சிக்-கில்’லை நிருவாகியே அனுப்பினாலும் இவற்றுட் பெரும்பாலானவை முடிவுறுவதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவது, கெர்னல் நிரலைக் கற்பிப்போர்க்கும் எழுதுவோர்க்கும் இன்றியமையாதது.

2. நிலுவை என்பதன் பொருள்

சமிக்ஞையை அனுப்புதலும் ஒப்படைத்தலும் இருவேறு நிகழ்வுகள். அனுப்பும்போது அது இழைக்கே உரிய வரிசையிலோ இழைக்குழு முழுமைக்கும் பொதுவான வரிசையிலோ சேர்க்கப்படுகிறது. இழையின் நிலுவைக் கொடி உயர்த்தப்படுகிறது. இடையீட்டுக்குட்பட்ட உறக்கத்தில் இழை இருப்பின் அது எழுப்பப்படுகிறது. அமைப்பு அழைப்போ குறுக்கீடோ முடிந்து பயனர் தளத்திற்குத் திரும்பும் தறுவாயிலேயே சமிக்ஞை வரிசையிலிருந்து எடுக்கப்பட்டு ஒப்படைக்கப்படுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையே நிலுவை எனப்படும்.

‘சிக்னல்_பெண்டிங்’ என்னும் செயற்கூறு நிலுவை உளதா என வினவுகிறதேயன்றி அதனை நீக்குவதில்லை. அஞ்சற்பெட்டியில் கடிதம் உளதா எனப் பார்ப்பதனால் பெட்டி வெறுமையாவதில்லை என்பதோடு இதனை ஒப்பிடலாம். பயனர் செயல்முறையில் அக்கடிதத்தை எடுக்கும் பணியைத் திரும்பும் வழி செய்துவிடுகிறது. கெர்னல் இழையில் அதனைச் செய்வார் பிறர் இலர்.

3. புறக்கணிப்பே இயல்புநிலை

கெர்னல் இழைகளைத் தோற்றுவிக்கும் ‘கேத்ரெட்-டி’ 2 என்னும் அடையாள எண்ணை உடையது. அது தொடங்கும்போதே எல்லாச் சமிக்ஞைகளையும் புறக்கணிக்குமாறு தன்னை அமைத்துக்கொள்கிறது. அதன்வழித் தோன்றும் இழைகள் இவ்வமைவை மரபுரிமையாகப் பெறுகின்றன. புறக்கணிக்கப்படும் சமிக்ஞை அனுப்பும் நிலையிலேயே கைவிடப்படுவதால் நிலுவைக் கொடி உயர்வதில்லை. சமிக்ஞை தேவைப்படும் இழை, ‘அலவ்_சிக்னல்’ செயற்கூற்றின் வாயிலாகக் குறிப்பிட்ட சமிக்ஞைக்கு வெளிப்படையாக இசைவு தருதல் வேண்டும். இசைவு தந்தவுடன், வரும் சமிக்ஞையை நீக்கும் கடமையும் உடன் வருகிறது.

4. நீங்காத நிலுவையும் ஓயாத சுழற்சியும்

கெர்னல் இழை ஒன்று பணி வரும்வரை இடையீட்டுக்குட்பட்ட உறக்கத்தில் காத்திருந்து, எழுந்து பணிமுடித்து, மீண்டும் உறங்கும் சுழலாக அமைவது வழக்கம். நிலுவைக் கொடி உயர்ந்திருக்கையில் அத்தகைய உறக்கத்தை நாடினால் திட்டமிடுநிரல் அதனை உறங்கவிடாது. காத்திருப்புச் செயற்கூறு பிழைக்குறியுடன் உடனே திரும்பும். இழையோ பணி இல்லையெனக் கண்டு மீண்டும் உறங்க முயலும். கொடி இறங்காதவரை இச்சுழற்சி ஓயாது; ஒரு செயலியின் நேரம் முழுவதும் பயனின்றிச் செலவாகலாம்.

இடையீடற்ற உறக்கத்தைக் கைக்கொண்டால் இச்சிக்கல் எழாது. ஆனால், அவ்வாறு உறங்கும் இழைகளையும் லினக்ஸ் சராசரிச் சுமைக் கணக்கில் சேர்ப்பதால், ஓய்ந்திருக்கும் கணினியும் சுமை மிக்கதாகத் தோன்றும். மென்பொருள் ரெய்டுக்குரிய ‘எம்டி’ இழை இக்காரணம் பற்றியே இடையீட்டுக்குட்பட்ட உறக்கத்தைக் கொள்கிறது. அவ்விழை சிக்-கில்லுக்கு இசைவு தந்துள்ளது. எனவே, ஒவ்வொரு முறையும் உறங்குமுன் நிலுவை உளதா என வினவி, இருப்பின் ‘ஃப்ளஷ்_சிக்னல்ஸ்’ வாயிலாக இரு வரிசைகளையும் வெறுமையாக்கிக் கொடியை இறக்குகிறது.

5. வகையறிந்து எடுத்தல்

சமிக்ஞையின் வகைக்கேற்ப வினையாற்ற வேண்டிய இழைக்கு, எல்லாவற்றையும் ஒருங்கே அழிப்பது பொருந்தாது. ஃபிளாஷ் நினைவகத்திற்கான ‘ஜேஎஃப்எஃப்எஸ்2’ கோப்பு முறைமையின் துப்புரவு இழை இதற்குத் தக்க சான்று. நிலுவை உள்ளவரை அது ‘கெர்னல்_டீக்யூ_சிக்னல்’ மூலம் ஒவ்வொன்றாக எடுக்கிறது. சிக்-கில் வரின் முடிவுறுகிறது. சிக்-ஸ்டாப் வரின் நின்றுவிடுகிறது. சிக்-ஹப் வரின் துப்புரவைத் தொடர்கிறது. துப்புரவு நிகழும் வேளையில் எழுப்புதற்குரிய சிக்-ஹப் இடையூறாகாதவாறு அதனை மட்டும் தடுத்துவைக்கிறது.

6. இசைவின்மையால் நேர்ந்த முடக்கம்

கெர்னல் இழையை நிறுத்துதற்குரிய பொதுவழி ‘கேத்ரெட்_ஸ்டாப்’ ஆகும். அது சமிக்ஞை எதனையும் அனுப்பாது, நிறுத்தக் குறியை இட்டு, இழையை எழுப்பி, அது முடியும்வரை காத்திருக்கிறது. வலையமைப்புத் தரவுக்காக உள்ளாழ்ந்து காத்திருக்கும் இழை அக்குறியைப் பார்க்கும் நிலையில் இருப்பதில்லை. ஆகவே, சில துணைமுறைமைகள் காத்திருப்பைக் கலைக்கச் சமிக்ஞையை நாடுகின்றன.

‘சிஐஎஃப்எஸ்’ வலையமைப்புக் கோப்பு முறைமை தன் இழையை முடிக்க ‘ஃபோர்ஸ்_சிக்’ செயற்கூற்றைப் பயன்படுத்தி வந்தது. அச்செயற்கூறு நிரல் இயக்கத்தின்போதே எழும் பிழைகளுக்கென அமைந்தது. புறக்கணிப்பு அமைவை மாற்றிவிடுவதால், அதன்பின் பயனர் அனுப்பும் சமிக்ஞைகளும் இழையை எட்ட வழி திறக்கும். 2019இல் இது ‘செண்ட்_சிக்’ என மாற்றப்பட்டது. மாற்றம் கொள்கையளவில் சரியானதே. ஆனால், இழை இசைவு தராமையால் சமிக்ஞை கைவிடப்பட்டது, இழை முடிவுறவில்லை, கெர்னலிலிருந்து அக்கூறுநிரலை அகற்றவும் இயலாது போயிற்று. இதற்குத் தீர்வாக அவ்வாண்டே ‘அலவ்_கெர்னல்_சிக்னல்’ அறிமுகமாயிற்று. கெர்னலிலிருந்து பிறக்கும் சமிக்ஞையை ஏற்று, பயனரிடமிருந்து வருவதைத் தொடர்ந்து புறக்கணிக்க இது வகைசெய்கிறது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால், கெர்னல் இழையைப் பொறுத்தவரை சமிக்ஞை என்பது தானே நிறைவேறும் கட்டளையன்று. இழை தானே படித்துத் தீர்க்க வேண்டிய குறிப்பு என்பது தெளிவாகிறது. நிறுத்துதலே நோக்கமாயின் நிறுத்தக் குறியே போதுமானது. காத்திருப்பைக் கலைத்தல் தேவையாயின், யாரிடமிருந்து எச்சமிக்ஞையை ஏற்பது என்பதை வரையறுத்து இசைவு தருதலும், மீண்டும் உறங்குமுன் நிலுவையைத் தீர்த்தலும் வேண்டும். முன்னதை மறந்த நிரல் நிறுத்த இயலாத இழையையும், பின்னதை மறந்த நிரல் உறங்க இயலாத இழையையும் விளைவிக்கும்.